பிளானிக் எல்-13 என்ற பயிற்சி கிளைடரின் (இன்ஜின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் விமானம்) இறக்கை ஏன் லேசாக முன்பக்கம் சாய்ந்திருக்கிறது?

எடைச் சமநிலைதான் காரணம். இது முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை உள்ள கிளைடர். மாணவர் முன்னால், ஆசிரியர் பின்னால். மாணவர் தனியாகப் பறக்கும் நாளில் பின் இருக்கை காலி. அந்த எடை போனதால் சமநிலை கெடக்கூடாது என்றால், பின் இருக்கை ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் இறக்கையும் அங்கேதானே வந்து சேர்கிறது! ஆசிரியருக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. அதனால் இறக்கை உடலோடு சேரும் இடத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, நுனிகளை முன்னுக்குச் சாய்த்தார்கள். தூக்குவிசை பழைய இடத்திலேயே நின்றது, பார்வையும் கிடைத்தது. எனக்கு மிகப் பிடித்த பொறியியல் சமரசம் இது.

செக்கோஸ்லோவாக்கியாவில் காரெல் த்லோஹி வடிவமைத்தது, 1956-ல் முதலில் பறந்தது. பல கிளப்புகள் மரமும் துணியுமான கிளைடர்களில் பழகிய காலத்தில் இது பெரும்பாலும் அலுமினியம். இறக்கை நீளம் சுமார் 16 மீட்டர். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சறுக்கும். 2,500-க்கும் மேல் தயாராகி, பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போனது.

உலோகத்துக்கும் களைப்பு உண்டு. 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் ஒன்றின் இறக்கை நடுவானில் முறிந்து இருவர் இறந்தனர். இறக்கையின் முதன்மை உத்தரத்தில் உலோகச் சோர்வு இருந்தது. உடனே பல நாடுகளில் எல்-13 தரையில் நிறுத்தப்பட்டது. பிறகு, அந்த இடத்தை வலுப்படுத்தியவை மட்டும் மெல்லத் திரும்பின.