'பாட்டி பாத்துக்குறாங்க, அதனால பிரச்சனை இல்ல'

கேள்வி: ஷாங்காய், புடோங்ல இருக்கோம். நானும் வீட்டுக்காரரும் ஐடி. எங்க 7 வயசுப் பொண்ண நாலு வருஷமா வளர்க்கிறது ஆன்ஹுய் மாகாணத்துல இருந்து வந்த ஆயிதான் (வீட்டு வேலைக்கு வர்றவங்கள இங்க அப்படித்தான் கூப்பிடுவோம்). அவங்களுக்கு ஊர்ல ஒரு பையன், பாட்டி பாத்துக்குறாங்க, அதனால பிரச்சனை இல்ல. இப்போ திடீர்னு சைனீஸ் நியூ இயருக்குப் போனா திரும்ப வரமாட்டேன், பையன் ஒன்பதாவது, ஜூன்ல பரீட்சைங்கிறாங்க. மாசம் 1,000 யுவான் கூடத் தரேன்னும் கேக்கல. குடும்பத்துல ஒருத்தரா வச்சிருந்தோமே! பையன இங்கயே கொண்டுவந்து படிக்க வச்சா என்னவாம்? எப்படி சம்மதிக்க வைக்கிறது?

பதில்: சம்மதிக்க வைக்கிற வழி எங்கிட்ட இல்லம்மா, இருந்தாலும் சொல்லமாட்டேன்.

மத்தத விடுங்க, நடுவுல போறபோக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க பாருங்க, 'பாட்டி பாத்துக்குறாங்க, அதனால பிரச்சனை இல்ல'ன்னு. யாருக்குப் பிரச்சனை இல்ல? உங்களுக்கு இல்ல. உங்க பொண்ணுக்குப் பால்பல்லு விழுந்தப்போ அவங்க பக்கத்துல இருந்தாங்க, அவங்க பையனுக்குக் குரல் உடைஞ்சத வீசாட் வீடியோ கால்ல தான் கேட்டிருப்பாங்க. நாலு வருஷத்துல அந்தப் பையன் பேரு உங்களுக்குத் தெரியுமா? லெட்டர் முழுக்க 'ஒரு பையன்', அவ்ளோதான்.

இங்கயே கொண்டுவந்து படிக்க வச்சா என்னன்னு கேக்குறீங்க, அந்த ஊர்ல இருந்துக்கிட்டே கேக்குறீங்க பாருங்க, அதுதான் கோவம் வருது. ஹுகோன்னு குடும்பப் பதிவு முறை ஒண்ணு இருக்கு, 1958லருந்து இருக்கு, எந்த ஊர்ல பதிவோ அந்த ஊர்க்காரங்க. 2020 சென்சஸ்படி ஷாங்காய்ல கிட்டத்தட்ட 2 கோடியே 49 லட்சம் பேர், அதுல 1 கோடிக்கு மேல வெளியூர் ஹுகோ. அந்த வீட்டுப் புள்ளைங்க அங்க ஜோங்காவ்ங்கிற ஒன்பதாவது முடிக்கிற பரீட்சை எழுதி சாதாரண ஹைஸ்கூல்ல சேரணும்னா பெத்தவங்களுக்கு 120 பாயிண்ட் வேணும், படிப்பு, வேலை, சோஷியல் இன்சூரன்ஸ்னு பாத்துப் பாத்துப் போடுவாங்க. உங்க வீட்டுல பாத்திரம் கழுவுறதுக்கு எத்தன பாயிண்ட்னு நினைக்கிறீங்க? அதனால ஊர்லதான் எழுதணும். இதுல தவறுனா பையன் தொழிற்பள்ளிக்குப் போவான், காவ்காவ்ங்கிற காலேஜ் நுழைவுத் தேர்வுக் கனவு அதோட ரொம்ப தூரம் போயிடும். இந்த நாலஞ்சு மாசமாவது பக்கத்துல இருக்கணும்னு ஒரு அம்மா நினைக்கிறா, நீங்க 1,000 யுவான நீட்டுறீங்க.

குடும்பத்துல ஒருத்தர்னு வேற சொல்றீங்க. சரி, அப்படியே வச்சுக்குவோம். ஆயின்னா அம்மா கூடப் பொறந்தவள கூப்பிடுற வார்த்தை, நம்ம முறையில சித்தி. சித்தி பையன் உங்க பொண்ணுக்கு யாரு? அண்ணன். அண்ணனுக்குப் பரீட்சை வருது, சித்தி ஊருக்குப் போறாங்க, இதுல விட்டுட்டுப் போறதுன்னு என்ன இருக்கு? முறைய சொல்லிக்கிட்டா அதுல இருக்குற கடமையும் சேந்துதான் வரும், நமக்கு வசதியான பாதிய மட்டும் எடுத்துக்க முடியாது.

பொண்ணு அழத்தான் செய்வா. 'ஆயி லீவுல போயிருக்காங்க'ன்னு பொய் சொல்லாதீங்க, அண்ணன் கூட இருக்கப் போறாங்கன்னு நேரா சொல்லுங்க, ஏழு வயசுக்குப் புரியும். நீங்களோ அவரோ ஒருத்தர் ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு வாங்க, புரமோஷன் தள்ளிப் போனா போகட்டும். ஊர்லருந்து உங்க அம்மாவ வரவழைக்கலாம்னு இந்நேரம் தோணியிருக்கும், அத யோசிச்சு செய்ங்க. பேரப்புள்ளய பாத்துக்க சொந்த ஊர விட்டு வந்து பாஷை புரியாம, பேச ஆளில்லாம பார்க் பெஞ்ச்ல உக்காந்திருக்குற பெருசுங்களுக்குன்னே அங்க 'லாவ் பியாவ்'னு பேரு வச்சிருக்காங்க, ஊர விட்டு மிதக்குற கிழடுங்கன்னு அர்த்தம். சீனாவுக்குள்ளயே இடம் மாறுனவங்க கதியே அது.

அந்த 1,000 யுவான் பேச்ச இனி எடுக்காதீங்க, நியூ இயருக்குக் குடுக்குற ஹோங்பாவ்ல, அதான் அந்தச் சிவப்புக் கவர்ல, கூடவே வச்சுக் குடுங்க. அப்புறம் ட்ரெயின் டிக்கெட், 15 நாள் முன்னாடிதான் 12306ங்கிற ரயில்வே ஆப்ல ஓப்பன் ஆகும், கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள போயிடும். உங்க வீட்டுக்காரர் ஐடி ஆளுதானே, அவர உக்காந்து ஒரு சீட்டு புடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. போகும்போது மட்டும் போதும், ரிட்டர்ன் போட்றாதீங்க.