சிறையிலிருந்து வந்த அப்பா: வால்டர் டீன் மையர்ஸ் நாவல் பற்றிக் கேள்வி பதில்

படிக்காதவர்களுக்காக முதலில் கதைச் சுருக்கம். அமெரிக்க எழுத்தாளர் மையர்ஸ் எழுதி 1992ல் வந்த 'சம்வேர் இன் த டார்க்னஸ்' நாவலில் ஜிம்மி என்ற பதின்வயதுப் பையன் நியூயார்க்கில் ஜீன் அம்மாவிடம் வளர்கிறான். அவர் பெற்றவர் அல்ல, வளர்த்தவர். கொலைக் குற்றத்துக்காகப் பல வருடம் சிறையில் இருந்த அப்பா கிராப் ஒரு நாள் வந்து நின்று, பரோலில் விட்டுவிட்டார்கள் என்று சொல்லி மகனைக் கூட்டிக்கொண்டு போகிறார். உண்மையில் அவர் தப்பி வந்தவர், சிறுநீரகமும் கெட்டுப் போயிருக்கிறது. கொலை நான் செய்யவில்லை என்று மகனுக்கு நிரூபிக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பயணம். இனி கேள்விகள்.

பிரிந்தவர்கள் சேரும் கதைதானே அக்கா? அப்புறம் ஏன் முடிக்கும்போது மனசு நிறையவில்லை?

வந்ததிலேயே நல்ல கேள்வி இது. நீங்கள் எதிர்பார்த்தது மன்னிப்பு கேட்கும் அப்பாவை. இந்த வகை நாவல்களில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். அப்பா வருவார், பிள்ளை முறைக்கும், கடைசியில் இளகும். மையர்ஸ் அதைத் தலைகீழாக்கிவிட்டார். கிராப் கொடுக்க வரவில்லை, வாங்க வந்திருக்கிறார். உடம்பு போய்க்கொண்டிருக்கிறது, சாவதற்குள் ஒரே ஒரு ஆளாவது தன்னை நம்ப வேண்டும், அந்த ஆள் தன் மகனாக இருக்க வேண்டும். அதாவது, இத்தனை வருடம் பையனுக்கு எதுவும் செய்யாத மனிதர் அவனிடம் உலகத்திலேயே கனமான ஒன்றைக் கேட்கிறார். பிள்ளை சுமக்க வேண்டிய பாரமா அது? நாவல் முழுக்க இந்தக் கேள்விதான் ஓடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கதை படர்க்கையில் சொல்லப்பட்டாலும் ஜிம்மியின் தோளை விட்டு நகர்வதே இல்லை. கிராப் மனதுக்குள் நம்மை விடவே மாட்டார் மையர்ஸ். பரோல் என்று சொன்னது பொய் என்று தெரிந்த பிறகு, இந்த ஆள் சொல்லும் மற்றதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்வது என்று பையன் எவ்வளவு தடுமாறுகிறானோ அவ்வளவு நாமும் தடுமாறுகிறோம். மனசு நிறையாமல் போவது நாவலின் குறை அல்ல.

நியூயார்க், சிகாகோ, அர்கன்சாஸ் என்று சுற்றுகிறார்களே, ஊருக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

உண்டு. ஏறக்குறைய 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தென் மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். நியூயார்க்கின் ஹார்லெமும் சிகாகோவின் தெற்குப் பகுதியும் அப்படிப் போனவர்களால் நிரம்பிய இடங்கள். கிராப் அதே பாதையில் பின்னோக்கி, தான் கிளம்பி வந்த தெற்குக்கே போகிறார். வேலை தேடி ஊரை விட்டுப் போன தலைமுறையின் பிள்ளை, அப்பாவின் ஊரை முதல்முறையாகப் பார்க்கும் பயணம் இது. இதை விட்டுவிட்டுப் படித்தால் பாதிக் கதை போய்விடும்.

பிடிஎஃப் கிடைக்குமா?

தர மாட்டேன். நூலகத்தில் கேளுங்கள், பழைய புத்தகக் கடையில் தேடுங்கள்.

இது உண்மைக் கதையா? மையர்ஸின் அப்பா சிறையில் இருந்தாரா?

கிராப் கற்பனை. ஆனால் வளர்ப்புத் தாய் என்பது மையர்ஸ் வாழ்ந்து பார்த்தது. 1937ல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தார், சின்ன வயதிலேயே தாய் இறந்துவிட, ஹார்லெமில் ஃப்ளாரன்ஸ், ஹெர்பர்ட் டீன் தம்பதியிடம் வளர்ந்தார். பெயரில் இருக்கும் 'டீன்' அவர்களுக்காகச் சேர்த்துக்கொண்டது. ஹெர்பர்ட் டீன் மகனின் புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை, அது மையர்ஸுக்கு நெடுநாள் வலி. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அவர் இறந்த பிறகுதான் மகனுக்குத் தெரிய வந்தது. இதைத் தெரிந்துகொண்டு நாவலை மறுபடி படியுங்கள். மகனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாத அப்பாவை மையர்ஸ் எங்கிருந்து எடுத்தார் என்பது புரியும்.

கிராப் உண்மையில் கொலை செய்தாரா இல்லையா?

சொல்ல மாட்டேன். படியுங்கள்.

ஜீன் அம்மா பையனை அனுப்பியதுதான் எனக்கு ஆறவே இல்லை. வளர்த்தவள் இப்படியா தூக்கிக் கொடுப்பாள்?

தூக்கிக் கொடுக்கவில்லை. வாசலில் நிற்பது பெற்ற தகப்பன், பரோலில் வந்திருக்கிறேன் என்கிறார். அவரைத் தடுக்க அந்த அம்மாவிடம் இருப்பது பாசம் மட்டும்தான்.

(அதே வாசகர்) போலீஸைக் கூப்பிட்டிருக்கலாமே?

ஹார்லெமில் ஒரு ஏழைக் கறுப்பினப் பெண், சட்டப்படி தன்னுடையவன் அல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு, அரசாங்கத்தை வீட்டுக்குள் தானே அழைப்பதா? பையனை வேறு எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால்? அந்த பயத்தையும் எண்ணிப் பாருங்கள்.

(வேறொருவர், வழக்கறிஞர்) அப்பாவுக்கு உரிமை உண்டு என்பதை ஏன் எல்லோரும் மறக்கிறீர்கள்? தண்டனை பெற்றவன் தகப்பன் இல்லை என்றாகிவிடுமா?

ஆகாது சார். அதை நான் எங்கும் சொல்லவும் இல்லை. நாவல் வந்து ஐந்து வருடம் கழித்து, 1997ல், அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளை, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் அங்கேயே இருந்துவிட்டால், சில விதிவிலக்குகள் போக, பெற்றோர் உரிமையை ரத்து செய்ய மாநில அரசு மனு போட வேண்டும். நீண்ட தண்டனை பெற்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று உங்களுக்கே தெரியும். அந்த வகையில் நீங்கள் கிராப் பக்கம் நிற்பது எனக்குப் புரிகிறது. ஆனால் உரிமை வேறு, உறவு வேறு. வருடக்கணக்கில் சோறு போட்டு, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜீன் அம்மா. அந்தக் கணக்கை எந்தச் சட்டமும் எழுதி வைப்பதில்லை.

(முதல் வாசகர்) அப்படியென்றால் அனுப்பியது தப்புதானே?

இல்லை என்பதுதான் என் முடிவு. அவர் தடுத்திருந்தால் ஜிம்மி காலம் முழுக்க அப்பாவைப் பற்றிக் கற்பனை செய்துகொண்டே இருந்திருப்பான், தடுத்தவர் மீது கோபமும் வளர்ந்திருக்கும். திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது என்ற நிச்சயத்தோடு அவன் போகிறான். அதை உண்டாக்கியவர் ஜீன் அம்மா. நாவலின் உண்மையான பெற்றோர் அவர் என்று நான் நினைக்கிறேன். இதற்கு மேலும் நான்கைந்து பேர் இதையே கேட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் இதுதான் பதில்.

என் வகுப்பில் ஒரு மாணவனின் அப்பா சிறையில் இருக்கிறார். அவனுக்கு இதைப் பரிசாகக் கொடுக்கலாமா? (ஆசிரியை)

டீச்சர், தயவுசெய்து அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள். நான் எப்போதும் சொல்லும் எச்சரிக்கை இது: புத்தகம் மருந்து இல்லை. 'உன் கதைதான் இதில் இருக்கிறது' என்று நீட்டினால், உன் வீட்டு விஷயம் எனக்குத் தெரியும் என்றுதான் அவன் காதில் விழும். வகுப்பு நூலக அலமாரியில் மற்ற புத்தகங்களோடு வையுங்கள், அவனாக எடுத்தால் எடுக்கட்டும். அமெரிக்காவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஏதோ ஒரு கட்டத்தில் பெற்றோரில் ஒருவர் சிறைக்குப் போவதைப் பார்த்திருக்கிறார்கள் என்று 2015ல் ஓர் ஆய்வறிக்கை சொன்னது. அங்கேயே அந்தப் பிள்ளைகள் வெளியில் சொல்லத் தயங்குகிறார்கள். நம் ஊரில் கேட்கவே வேண்டாம்.

அப்பா வீட்டை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. இப்ப பேசணும்னு போன் பண்றார். எனக்கு 16 வயசு. இந்த நாவல் படிச்சா முடிவெடுக்க உதவுமா?

தம்பியோ தங்கையோ, உங்களுக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். நாவல் உதவாது. ஜிம்மியின் அப்பா வேறு, உங்கள் அப்பா வேறு. உடனே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உங்களை வளர்க்கிறவரிடமோ நம்பும் ஆசிரியரிடமோ முதலில் சொல்லுங்கள், தனியாகப் போய்ச் சந்திக்காதீர்கள். பயமோ மிரட்டலோ இருந்தால் 1098க்கு அழையுங்கள், அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண். கதை என்ற அளவில் பிடித்தால் அப்புறம் படிக்கலாம்.

கிராப் குற்றவாளியா? பிடிஎஃப் லிங்க் ப்ளீஸ்.

இரண்டுக்கும் மேலே பதில் இருக்கிறது. கேட்பதற்கு முன் படித்துவிட்டுக் கேளுங்கள்.

இதே மாதிரி ஒரு நாவலைத் தமிழில் எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

புழலிலோ பாளையங்கோட்டையிலோ மனு போட்டுவிட்டு அப்பாவைப் பார்க்கக் காத்திருக்கும் குடும்பங்களிடம், அவர்கள் சம்மதித்தால், பேசுவதிலிருந்து. பிள்ளை அப்பாவிடம் என்ன கேட்கிறது என்பதை உடனே எழுதிவிடுவீர்கள், அது சுலபம். அப்பா பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்று தெரியும்வரை முதல் அத்தியாயத்தைத் தொடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் கட்டிப்பிடிக்க வைக்காதீர்கள்.

நியூபெரி விருது வாங்கியதாமே, அப்படியென்றால் பத்து வயதுப் பையன் படிக்கலாமா?

அமெரிக்கச் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் அல்ல, அதற்கு அடுத்த நிலை அங்கீகாரமான நியூபெரி ஹானர் 1993ல் கிடைத்தது. விருதைப் பார்த்து வயதைத் தீர்மானிக்காதீர்கள். பதின்மூன்றுக்கு மேல் என்பேன். பத்து வயதுக்கு பெவர்லி க்ளியரியின் 'டியர் மிஸ்டர் ஹென்ஷா' பொருத்தம். லாரி ஓட்டும் அப்பாவைப் பிரிந்த பையன் ஓர் எழுத்தாளருக்குக் கடிதம் எழுதும் கதை, 1984ல் பதக்கமே வாங்கியது. கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் ஜனே மார்க்ஸின் 'ஃப்ரம் த டெஸ்க் ஆஃப் ஸோயி வாஷிங்டன்'. அதில் சிறையிலிருக்கும் அப்பாவின் கடிதம் பன்னிரண்டு வயது மகள் கைக்கு வருகிறது. இரண்டையும் நீங்களும் கூடவே படியுங்கள், கேள்விகள் வரும்.