ஆயாவை மறந்துவிட்டு மோதிரமா?

கேள்வி: நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். மூத்தவன் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். சின்னவள் இவ்வளவு நாளும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இருந்தாள், ஜனவரியில் முன்பள்ளிக்குப் போகிறாள். வருஷ முடிவில் ஐந்தாம் ஆண்டு டீச்சருக்குத் தங்க மோதிரம் போடுவது, வீட்டுக்கு 2000 ரூபா என்று பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் முடிவு செய்துவிட்டார்கள். யார் யார் கொடுத்தார்கள் என்ற பட்டியலும் அதிலேயே வருகிறது. எனக்கு எல்லாமாகச் சேர்த்து 1000 ரூபாவுக்கு மேல் தாங்காது. பிள்ளைக் காம்பரா மிஸ்ஸைப் பற்றியோ ஆயாவைப் பற்றியோ யாரும் வாயே திறக்கவில்லை. வீட்டு வாசலில் மரத்தக்காளி காய்த்துத் தொங்குகிறது. ஜாம் கொடுக்கலாம் என்றால், போன முறை குறிப்பில் சொன்னபடி வெப்பமானி இரவல் வாங்கி 105 பாகை வரை காய்ச்சினேன், டொபி மாதிரி இறுகிவிட்டது. யாருக்கு என்ன கொடுப்பது?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த மோதிரத்தைக் கழற்றி வைப்போம்.

அரச பாடசாலை ஆசிரியர் ஓர் அரச ஊழியர். அரச ஊழியர் தன் கடமைக்குக் கைம்மாறாகப் பணமோ பெறுமதியான பொருளோ வாங்குவதை 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் குற்றமாகப் பார்க்கிறது. கொடுத்தவரையும் அது விடாது. நீங்கள் அன்பாகத்தான் போடுகிறீர்கள். ஆனால் நாளைக்கு ஒருவர் மனத்தாங்கலில் ஒரு முறைப்பாடு எழுதிப் போட்டால் பதில் சொல்லி நிற்கப்போவது அந்த டீச்சர். குழுவில் இதைத்தான் சொல்ல வேண்டும். “என்னிடம் காசில்லை” என்று தொடங்கினால் உங்களைச் சமாதானப்படுத்தப் பார்ப்பார்கள். “டீச்சருக்குச் சிக்கலாகிவிடும்” என்று தொடங்கினால் பேச்சே மாறும். உங்களைப் போல மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கும் நாலு வீடு அப்போதுதான் வாய் திறக்கும்.

காசுக் கணக்கையும் பாருங்கள். 2024இல் 1350 ரூபா என்று நிர்ணயித்த நாட்கூலியை வைத்துப் பார்த்தால் 2000 ரூபா ஒன்றரை நாள் உழைப்பு. அதற்குப் பிறகு சம்பளம் கூடினாலும், நவம்பரும் டிசெம்பரும் தீபாவளி முற்பணத்தைச் சம்பளத்தில் வெட்டிக்கொண்டிருக்கும் மாதங்கள். ஆகவே பணம் சேர்ப்பதே ஆனால், தொகையைச் சொல்லாமல் சேர்க்க வேண்டும். ஒரே நிறத்தில், பெயர் எழுதாத கடித உறைகளை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து, சம்பளம் போட்ட வாரத்திலேயே திருப்பி வாங்குங்கள். வெறும் உறை வந்தாலும் அதுவும் ஓர் உறைதான். எண்ணுவது இரண்டு பேர். குழுவில் மொத்தத் தொகை மட்டும் போடலாம். பட்டியல் வேண்டாம்.

டீச்சருக்கு வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, ஒரே கொப்பியாகக் கட்டிக் கொடுங்கள். ஏ4 தாளில் இடது பக்கம் மூன்று சென்டிமீட்டர் விட்டு எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சுருள் கம்பி போடத் துளைக்கும்போது எழுத்தும் போய்விடும். நீர்ச்சாயமும் பெல்ட் பேனாவும் நம் ஈரத்தில் ஊறிப் பரவும். பென்சிலும் போல்பொயின்ட் பேனாவும் போதும். மேலட்டையை மட்டும் டவுனில் ஏதாவது கொமினிகேஷனில் (போட்டோப்பிரதி எடுக்கும் கடையில்) லெமினேட் செய்யுங்கள். படத்தை அச்செடுத்து ஒட்டுவதென்றால் ஒரு நாள் உலரவிட்டுத்தான் லெமினேட் செய்ய வேண்டும், ஈரம் உள்ளே அகப்பட்டால் ஒரே மாதத்தில் திட்டுத் திட்டாகக் கறை படியும். கட்டக் கொடுப்பதற்கு முன்பு வகுப்பு இடாப்பைப் பார்த்து ஒவ்வொரு பெயரையும் சரிபாருங்கள். அடிக்கடி லீவு போடும் பிள்ளையின் பக்கம்தான் விடுபடும், டீச்சர் முதலில் தேடுவதும் அந்தப் பக்கத்தைத்தான்.

சேர்ந்த பணத்தில் ஒரு பொருளும் வாங்கத்தான் வேண்டும் என்றால், அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரு சாதாரணக் குடை. ராகலை, நுவரெலியாப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்து, பஸ் நிற்கும் இடத்திலிருந்து தோட்டத்து ரோட்டில் ஏறி நடக்கும் ஒருவருக்கு அது தினமும் கையில் இருக்கும். மூன்றாக மடியும் சின்னக் குடை மேட்டுக் காற்றில் புரண்டுவிடும். இரண்டாக மடிவதோ நீளக் குடையோ பாருங்கள். கடையிலேயே விரித்து, கம்பி நுனிகள் துணியோடு தைத்திருக்கின்றனவா, வெறும் மூடி செருகியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், செருகியது முதலில் கழன்றுவிடும். பிளாஸ்கும் நல்லதுதான், ஆனால் உள்ளே கண்ணாடி உள்ளது பஸ் ஆட்டத்தில் தாக்குப்பிடிக்காது. எவர்சில்வரில் அரை லீட்டர் போதும். கொதிநீர் ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வையுங்கள், வெளிப்பக்கம் சுட்டால் அது உதவாது.

சாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறம், கரை, துணி என்று பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். சட்டை தைக்கும் கூலி டீச்சர் தலையில் விழும். கஞ்சி போட்ட பருத்தி இந்தப் பனியில் இரண்டு நாளானாலும் காயாது. விட்டுவிடுங்கள். பூப்போட்ட கோப்பைகளும் அப்படியே, ஒவ்வொரு டீச்சர் வீட்டு அலுமாரியிலும் ஒரு வரிசை அடுக்கி இருக்கிறது. கேக் கொடுப்பவர்கள் டிசெம்பர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் காலம் என்பதை மறக்கக்கூடாது. முட்டை போட்ட கேக்கை வாங்கி வைத்துக்கொண்டு அந்த வீடு என்ன செய்யும்?

தேயிலைக்கு நடுவில் இருந்துகொண்டு தேயிலை கொடுப்பதா என்று சிரிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இங்கே நியமனம் கிடைத்து வந்து, விடுமுறைக்கு ஊர் போகும் ஆசிரியருக்கு மலைநாட்டுத் தேயிலை 400 கிராம் நல்ல அன்பளிப்புத்தான். பால் ஊற்றிக் குடிக்கும் வீடென்றால் பி.ஓ.பி.எஃப். என்ற பொடித் தூள், வெறும் தேநீர் என்றால் அதைவிடச் சற்றுப் பெரிய பி.ஓ.பி. ஒன்றை மட்டும் கவனியுங்கள், தேயிலை மணத்தை இழுக்கும். சவர்க்காரத்தோடு ஒரே பையில் வைத்தால் அந்தத் தேநீர் சவர்க்காரமாகத்தான் மணக்கும்.

இனிப் பிள்ளைக் காம்பரா. இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாறியிருந்தாலும், காலையில் நீங்கள் மலைக்கு ஏறும்போது பிள்ளையை ஏந்திக்கொள்ளும் கை அதே கைதான். கழுவுவது, துடைப்பது, ஊட்டுவது, துணி மாற்றுவது, பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில். கந்தப்பளைக் குளிரில் அந்த விரல்கள் வெடித்திருக்கும், பார்த்திருப்பீர்கள். ஆகவே ஆயாவுக்கு ஒரு பெரிய போத்தல் வாஸ்லின், வாசனை போடாததாக. கைக்குழந்தைகளைத் தூக்குகிறவர் என்பதால் வாசனைக் கிறீம்கள் வேண்டாம். அதோடு, கழுவும் வேலைக்கு இரண்டு சோடி றப்பர் கையுறை. உள்ளே பஞ்சு ஒட்டியதாக இருந்தால் குளிர் அவ்வளவு ஏறாது. கை அளவில் ஒரு எண் பெரியதாக வாங்குங்கள், இறுக்கமானதை ஈரக் கையோடு கழற்ற முடியாது, ஒரு வாரத்தில் மூலையில் போட்டுவிடுவார். வழுக்காத அடியுள்ள செருப்பும் உதவும். அளவைக் கேட்டால் “எதுக்கும்மா” என்று மறுத்துவிடுவார், ஆனால் வாசலில் கழற்றிவிட்ட செருப்பின் அடியில் எண் இருக்கும்.

ஆயாவுக்குப் பணமாகக் கொடுப்பது குறைவா? இல்லை. பல வீடுகளில் அதுதான் மிகவும் உதவும். நிலையத்தில் அதற்குத் தடை இருக்கிறதா என்று பொறுப்பான மிஸ்ஸிடம் முதலில் கேட்டுவிட்டு, எல்லாப் பிள்ளைகளின் பெயராலும் ஒரே உறையில் கொடுங்கள். சுப்பர் மார்க்கட் வவுச்சரில் முடக்க வேண்டாம். அதை மாற்ற நுவரெலியா போய்வரும் பஸ் காசு யாருடையது? அதில் முடிவுத் திகதி வேறு இருக்கும்.

பொறுப்பான மிஸ்ஸுக்கு உங்களால் ஐந்து சதம் செலவில்லாமல் ஒன்று செய்ய முடியும். நன்றிக் கடிதத்தை அவருக்கு எழுதுவதோடு, அதன் பிரதியொன்றைத் தோட்டத்துப் பெரிய துரைக்கும் (முகாமையாளருக்கும்) கொடுங்கள். “நல்ல சேவை, நன்றி” என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். மகள் வந்த புதிதில் எத்தனை நாள் அழுதாள், எப்படி அடக்கினார், இப்போது தானே கை கழுவிச் சாப்பிடுகிறாளா, எந்தப் பாட்டை வீட்டில் வந்து பாடுகிறாள், இப்படி இரண்டு விஷயம் எழுதுங்கள். திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கள். எழுதுவது சிரமமென்றால் நீங்கள் சொல்லச் சொல்ல மூத்தவன் எழுதட்டும். முறைப்பாடு எழுதத்தான் எல்லோருக்கும் கை வருகிறது. பாராட்டுக் கடிதம் கோவையில் ஏறுவது அபூர்வம். ஐந்தாம் ஆண்டு டீச்சருக்கும் இதையே செய்யலாம், பிரதி அதிபருக்கு. ஆனால் தேர்ச்சி அறிக்கை கைக்கு வந்த பிறகு கொடுங்கள், அதற்கு முன் கொடுப்பதை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

ஜாமுக்கு வருவோம். தவறு உங்கள் கையில் இல்லை, மலையில் இருக்கிறது. 105 பாகை என்பது கடல் மட்டத்துக் கணக்கு. அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், ஜாம் அதற்கு நாலைந்து பாகை மேலே இறுகும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஜாம் 98, 99இல் தயார். உங்கள் பக்கமும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். 105 வரும்வரை நின்றீர்கள், அதற்குள் இருந்த நீரெல்லாம் வற்றி டொபியாகிவிட்டது. வெப்பமானியை நம்புவதென்றால் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அது காட்டும் பாகையைப் பாருங்கள், அதோடு நாலரையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நன்றாகச் சிவந்து கனிந்த மரத்தக்காளியாக எடுத்து, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டுத் தோலை உரியுங்கள். தோல் சேர்ந்தால் கசக்கும். நறுக்கி, அரைக் கோப்பை தண்ணீரில் குழைய வேகவைத்து, விதை வேண்டாமென்றால் வடியில் தேயுங்கள். அந்தக் கூழை நிறுத்துப் பாருங்கள், ஒரு கிலோ கூழுக்கு 750 கிராம் சீனி, இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. சீனி முழுதும் கரையும்வரை சிறு நெருப்பு, கரைந்த பிறகு பெரு நெருப்பு. கரையுமுன் கொதிக்கவிட்டால் பிறகு போத்தலில் சீனி பூக்கும். அகன்ற பாத்திரம் எடுங்கள், ஒடுங்கியதில் வற்ற நேரமெடுத்து நிறம் கறுக்கும்.

பதம் பார்க்க ஒரு தட்டைத் தண்ணீரில் குளிரவைத்துத் துடைத்து, ஒரு துளி விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் போதும். அந்த ஒரு நிமிடமும் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்கியிருக்க வேண்டும், பலருக்கும் ஜாம் கெடுவது பதம் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான். போத்தலைக் கொதிநீரில் பத்து நிமிடம் போடச் சொல்வார்கள். உயரத்தில் 1000 அடிக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள், ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கும் உங்களுக்கு 16, 17 நிமிடம். மூடி புதிதாக இருக்கட்டும், ஊறுகாய் மூடியின் வாடை ஜாமில் இறங்கும். சூடாக, விளிம்புக்குக் கால் அங்குலம் குறைய நிரப்பி மூடி, போத்தல் முழுக நீர் விட்டு இன்னும் 15 நிமிடம் கொதிக்கவையுங்கள். ஒரு கிலோ கூழில் 200 கிராம் போத்தல் ஐந்தாறு நிறையும். மிஸ், ஆயா, டீச்சர், ஜனவரியில் வரப்போகும் முன்பள்ளி டீச்சர், எல்லோருக்கும் போய் வீட்டுக்கும் மிஞ்சும். செய்த திகதியை மூடியில் எழுதுங்கள்.

பாடசாலை மூடினாலும் கொழுந்து நிற்காது, ஆகவே பிள்ளைக் காம்பராவுக்குக் “கடைசி நாள்” என்று ஒன்று இல்லை. மகள் அங்கே போகும் கடைசி நாள் மாலை, மற்ற அம்மாமார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு கொடுங்கள். போத்தல் உங்களுக்கே என்று அப்போதே ஆயாவிடம் சொல்லிவிடுங்கள். வெறும் போத்தலைத் திருப்பித் தர அவருக்கு மனம் வராது, எதையாவது நிரப்பத்தான் பார்ப்பார்.