ஊர் வரலாறு தேடுவதற்கு முகநூல் குழுக்களால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது நேரம்தான் வீணா?

கேட்டவர் கல்லூரியில் படிப்பவராக இருக்க வேண்டும். “போனைக் கீழே வை” என்று வீட்டில் திட்டு வாங்கிய கையோடு கேட்டது போலத் தெரிகிறது. பயன் உண்டு தம்பி. ஆனால் குழுவில் போட்டவுடன் விடை வந்து விழும் என்று எண்ண வேண்டாம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் சிமெண்ட், கம்பி விற்கும் கடை வைத்திருப்பவன். வரலாற்றில் பட்டம் கிடையாது. இதைக் கேட்கவென்றே சிலர் காத்திருப்பார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர்க் குளத்தின் படித்துறையில் ஒரு துவைகல் கிடக்கிறது. அதில் கீறல்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். புதையலுக்கு அடையாளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைப் படம் எடுத்துக் கல்வெட்டு ஆர்வலர்களின் குழு ஒன்றில் போட்டேன். ஒருவர் சிந்துவெளி எழுத்து என்றார். பலர் கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டுப் போனார்கள். இரவில் மதுரைப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்து தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுங்கள். மாவு, சுண்ணாம்பு எதையும் தேய்த்துவிடாதீர்கள்” என்று எழுதினார். அப்படி எடுத்த படத்தில் வரி வரியாக வட்டெழுத்து, அதாவது தமிழை வளைவு வளைவாக எழுதிய பழைய எழுத்து முறை! பாண்டிய நாட்டில் ராஜராஜ சோழனுக்குப் பிறகு மெல்ல மறைந்த எழுத்து, நம் வேணாட்டில் (பின்னாளில் திருவிதாங்கூர் ஆன பகுதி) அதற்குப் பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் வழக்கில் இருந்தது. “கொல்லம்” என்ற சொல்லையும், விளக்கெரிக்க நிலம் விட்ட செய்தியையும் அந்த ஆசிரியரே படித்துச் சொன்னார். கொல்லம் என்பது இந்தப் பக்கத்துப் பழைய ஆண்டுக் கணக்கு; அந்த ஆண்டோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும்.

பிறகுதான் உண்மையான வேலை. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை; முன்பு திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. ஆகவே பழைய கல்வெட்டுப் பதிவுகளைத் திருவிதாங்கூர் அரசின் வெளியீடுகளில்தான் தேட வேண்டும். டி. ஏ. கோபிநாத ராவ் ஆசிரியராக இருந்து தொடங்கிய ‘திருவிதாங்கூர் ஆர்க்கியலாஜிக்கல் சீரீஸ்’ தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பார்த்திவபுரம் கோயில் பற்றிய ஆய் குல மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடும் அவற்றில்தான் இருக்கிறது. தேடல் பெட்டியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் எதுவும் வராது. அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு; ஸ்கேன் செய்த தமிழ் வரிகளைக் கணினி குதறி வைத்திருக்கிறது. கடையில் ஆள் இல்லாத மதிய நேரங்களில் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கிடைத்தது. எங்கள் கல் அதில் அச்சாகியிருக்கிறது, ஊர்க் கோயிலின் தெற்குப் பக்கம் இருப்பதாக!

“அப்படியானால் நீர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லையே” என்று குழுவிலேயே ஒரு முனைவர் கேட்டார். சரி ஐயா, அச்சில் இருந்தது. கோயிலில் இருந்த கல் குளத்துக்கு வந்து துவைகல் ஆனது எந்த நூலில் இருக்கிறது? ஊரில் ஒருவருக்காவது அது என்ன கல் என்று தெரிந்திருந்ததா? இன்னொருவர் என் படத்தை எடுத்துத் தன் பெயரைப் பொறித்து, “யாரும் அறியாத ரகசியம்” என்று காணொளி போட்டுவிட்டார். முனைவர் அங்கே போய் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு கல்லுக்கு இத்தனை வாதம் நடக்கிறது. நம் மாவட்டத்து மலைகளை உடைத்து டாரஸ் லாரிகளில் களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அதைக் கேட்க ஆளில்லை. கல், மணல் விலை எனக்குத் தொழில் என்பதால் வயிறு எரிகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

உங்கள் ஊரிலும் அப்படிக் கல் இருந்தால் படத்தோடு ஊர், தாலுகா, கல் கிடக்கும் இடம் மூன்றையும் எழுதுங்கள். அளவு தெரிய ஒரு ஸ்கேலை அருகில் வையுங்கள். யார் என்ன படித்துச் சொன்னாலும் இன்னொருவரிடமும் காட்டுங்கள். பிற்கால வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஒன்று போலவே வளைந்து நிற்கும். எங்கள் கல்லில் நிலம் கொடுத்தவர் பெயரின் முதலெழுத்து இந்த இரண்டில் எது என்று ஆசிரியரும் திருவனந்தபுரத்துக்காரர் ஒருவரும் இன்னமும் குழுவில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.