சந்தே சேர்ந்து நோயைத் தடுக்க முடியுமா? மும்பைத் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்

மும்பையின் நெருக்கமான குடியிருப்புகளில் பல வருஷமாகச் சுகாதாரப் பணி செய்துவரும் அக்காவிடம் நம் மக்கள் கேட்டதும், அவர் சொன்ன பதில்களும்.

தாராவி: மழை தொடங்கினால் எங்கள் சந்தில் டெங்கு வந்துவிடுகிறது. மாநகராட்சியிலிருந்து வந்து புகை அடிக்கிறார்கள். நாங்களாக ஏதாவது செய்ய முடியுமா அக்கா?

முடியும். இதில் பெரும்பங்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், டிரம்முக்குள் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது. டெங்கு கொசு நாம் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். குழாய் சில மணி நேரம்தான் வருகிறது என்பதால் வாசலுக்கு வாசல் நீல டிரம் நிற்கிறது. "தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்" என்று வெளியாள் சொல்லிவிட்டுப் போகலாம். விடியற்காலையில் எழுந்து பிடித்த தண்ணீரை யார் கொட்டுவார்கள்?

அதனால் வாரத்தில் ஒரு நாள், குழாய் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், டிரம் காலியாகிற நேரத்தைப் பிடியுங்கள். உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தில் மிளகுத்தூள் ஒட்டியது போலத் தெரியும். அதுதான் முட்டை. காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். கழுவி ஊற்றினால் போதாது, தேங்காய் நார் வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு தண்ணீர் பிடித்து, பழைய பருத்திச் சேலைத் துணியால் வாயைக் கட்டிவிடுங்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், அதனால்தான் வாரம் ஒரு முறை என்கிறேன்.

சந்து முழுக்க ஒரே நாளில் செய்வது முக்கியம். இந்தக் கொசு நூறு, இருநூறு மீட்டர் சுலபமாகப் பறக்கும். ஒரு வீட்டு டிரம் தப்பினாலும் எல்லாருக்கும்தான் காய்ச்சல். அப்புறம் கூரை. மழைக்குத் தார்ப்பாய் விரித்து, காற்றில் பறக்காமலிருக்க டயர் தூக்கி வைக்கிறோமே, அந்த டயருக்குள் நிற்கிற தண்ணீர் யார் கண்ணிலும் படாது. டயருக்குப் பதில் செங்கல் வையுங்கள்.

சீத்தா கேம்ப்: பெண்கள் குழு ஆரம்பிக்க ஆசை. கூட்டம் போட்டால் ரேஷன், சண்டை என்று பேச்சு எங்கேயோ போய்விடுகிறது.

போகட்டும், ரேஷனும் ஆரோக்கிய விஷயம்தானே! முதல் கூட்டத்திலேயே பாடம் நடத்தாதீர்கள். போன மாதம் யார் வீட்டில் யாருக்கு உடம்பு முடியாமல் போனது என்று கேளுங்கள். அதில் ஒரு பிரச்சினையை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அது ஏன் வந்தது, நம்மால் எதை மாற்ற முடியும், யார் எதைச் செய்வது என்று பேசுங்கள். அடுத்த மாதம் செய்ததைச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த விஷயம்.

ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஏக்ஜுட் அமைப்பு இப்படித்தான் பெண்கள் குழுக்களை நடத்தியது. பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் மூன்று வருஷத்தில் 32 சதவீதம் குறைந்தார்கள். ஆய்வு 2010இல் வெளிவந்தது. புது ஆஸ்பத்திரி கட்டி வந்த பலன் இல்லை அது. பெண்கள் உட்கார்ந்து பேசி, முடிவெடுத்து, செய்து காட்டியது.

நகரங்களில் இதற்கு அரசாங்க வழியும் உண்டு. தேசிய நகர்ப்புறச் சுகாதாரத் திட்டத்தில் மகிளா ஆரோக்ய சமிதி என்ற பெண்கள் சுகாதாரக் குழு 50 முதல் 100 வீடுகளுக்கு ஒன்று. வருஷத்துக்கு 5,000 ரூபாய் தருவார்கள், எதற்குச் செலவு என்பதைக் குழுவே முடிவு செய்யலாம். உங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஆன்டாப் ஹில்: பக்கத்து வீட்டுத் தம்பிக்கு டிபி என்று பேச்சு. எல்லாரும் பயப்படுகிறார்கள்.

அவரை ஒதுக்கினால் மருந்தை ஒளித்துச் சாப்பிடுவார், இல்லை பாதியில் நிறுத்திவிடுவார். அதுதான் சந்துக்கே ஆபத்து. சரியான மருந்து ஆரம்பித்தால் சில வாரங்களில் தொற்றுகிற தன்மை வெகுவாகக் குறையும். ஆனால் சாதாரண டிபிக்கே ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற யாரையும் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள், அரசு மையத்தில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும், 2024 நவம்பருக்கு முன் அது 500.

வீட்டார் சாப்பாட்டையும் பாருங்கள். ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்துக்குக் கூடுதல் தானியமும் பருப்பும் கொடுத்த ஆய்வில், அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. ஆகவே அந்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் பருப்பு கொண்டுபோய்க் கொடுப்பதும் நோய்த்தடுப்புதான்.

சயான் கோலிவாடா: கணபதி மண்டலில் வருஷம் ஒரு முறை சுகர், பிரஷர் கேம்ப் நடத்துகிறோம். போதுமா?

போதாது. கேம்பில் 180 பிரஷர் என்று சீட்டு வாங்கினவர் அடுத்த வாரம் எங்கே போனார்? அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மாதா மாதம் வீட்டுக்குப் போய் விசாரிக்க இரண்டு பேரைப் போடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாநகராட்சியின் இலவச மருத்துவ நிலையமான 'ஆப்லா தவாகானா' வசதி, பல இடங்களில் இரவு 10 மணி வரை திறந்திருக்கும்.

மாட்டுங்கா லேபர் கேம்ப்: பொதுக் கழிப்பறையை நாங்களே நடத்தினால் சுத்தமாக இருக்குமா?

இருக்கும், கணக்கு வெளிப்படையாக இருந்தால். நம் தமிழர், கோலார் தங்கவயலில் பிறந்து குடிசைவாசிகளின் தலைவராக இருந்த ஜோக்கின் அற்புதமும், குடிசைப் பகுதிப் பெண்களின் அமைப்பான மகிளா மிலனும் மும்பையில் செய்து காட்டியது இதுதான். அவருக்கு 2000இல் மகசேசே விருதும் கிடைத்தது. குடும்பத்துக்கு மாதப் பாஸ், அந்தப் பணத்தில் காவலாளுக்கும் துப்புரவுக்கும் சம்பளம். குழந்தைகளுக்குத் தனியாகச் சின்ன இருக்கைகள் போட்டார்கள், இல்லையென்றால் பிள்ளைகள் வெளியே சாக்கடை ஓரம்தான் உட்காரும், வயிற்றுப்போக்கு அங்கிருந்துதான் பரவும். வரவு செலவை மாதம் தோறும் கழிப்பறை வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். கமிட்டியில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும். இரவில் விளக்கு எரியவில்லை என்றால் முதலில் கஷ்டப்படுவது அவர்கள்தான்.