மேடைக்கல்லுக்கு சீலர் வேண்டுமா? தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்

சமையலறை மேடைக்கல்லைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். சீலர் என்பது எண்ணெயும் தண்ணீரும் கல்லுக்குள் இறங்குவதைத் தாமதப்படுத்த மேலே தடவுகிற திரவம்.

கேள்வி: புது வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆசைப்பட்டு வெள்ளை கிரானைட் போட்டோம். அடுப்புப் பக்கம் எண்ணெய் இறங்கிக் கறுத்துவிட்டது, மிக்ஸி வைக்கிற இடத்தில் மஞ்சள் கறை. பக்கத்து வீட்டு அக்கா சீலர் அடிக்கச் சொல்கிறார், கல் பதித்த மேஸ்திரியோ கிரானைட்டுக்கு அதெல்லாம் தேவையே இல்லை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
(வாசகி, கோவை)

பதில்: உங்கள் கல்லைப் பொறுத்தவரை அக்கா சொல்வதுதான் சரி. மேஸ்திரி சொன்னதும் முழுக்கத் தப்பில்லை, அவர் கறுப்புக் கல்லை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். கடையில் கிரானைட் என்ற ஒரே பெயரில் விற்பதெல்லாம் ஒரே கல் கிடையாது. ஆந்திராவில் சீமகுர்த்தியில் வெட்டுகிற பிளாக் கேலக்ஸி மாதிரியான கறுப்புக் கற்கள் அவ்வளவு இறுக்கமானவை, எண்ணெயை ஊற்றி வைத்தாலும் பெரும்பாலும் உள்ளே இறங்காது. வெளிர் நிறக் கற்கள் பலவற்றில் கல்லின் துகளுக்கும் துகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி உண்டு, அது வழியாகத்தான் எண்ணெயும் மஞ்சளும் இறங்குகின்றன. காஷ்மீர் ஒயிட் என்று விற்கிற கல்லும் இந்த வகைதான். பெயரில்தான் காஷ்மீர், வெட்டி எடுப்பது நம் மதுரைப் பக்கம்! (அதில் இருக்கும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் கல்லோடு பிறந்தவை. கறை என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள்.)

உங்கள் கல் எந்த வகை என்று யாரையும் கேட்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த மேடையில் நாலைந்து இடத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற இடம் ஈரச் சுவர் மாதிரி கறுத்திருந்தால் கல் குடிக்கிறது, சீலர் வேண்டும். கறுக்கவே இல்லையென்றால் வேண்டாம். வேண்டாத கல்லில் அடித்தால் அது உள்ளே போக இடமில்லாமல் மேலேயே காய்ந்து, புகை படிந்த கண்ணாடி மாதிரி மங்கிவிடும்.

சீலர் அடிப்பதற்கு முன் கறையை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கறையையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும். எண்ணெய்க் கறைக்கு, சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டு இட்லி மாவு பதத்துக்குக் குழைத்து, கால் அங்குல கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ஓரங்களை டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க இருக்கட்டும். அப்புறம் தாளை எடுத்துவிட்டுத் தானாகக் காய விடுங்கள், ஏனென்றால் அந்த மாவு காயும்போதுதான் எண்ணெயை மேலே இழுக்கிறது. ஒரே தடவையில் போகாது, மூன்று நான்கு தடவைகூட ஆகலாம். பொறுமையாகச் செய்தால் பலன் தெரியும்.

மஞ்சள் கறைக்கும் இதே பத்துதான், தண்ணீருக்குப் பதில் மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் குழைக்க வேண்டும். கறுப்புக் கல்லில் இதைச் செய்யாதீர்கள், நிறம் வெளுக்கலாம். சோடா பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். அப்புறம் மஞ்சளுக்கு வெயில் ஆகாது. வேட்டியில் பட்ட சாம்பார்க் கறை வெயிலில் காயப்போட்டால் வெளுப்பது போல, ஜன்னல் வெயில் விழுகிற மேடையில் பாதிக் கறை தானாகவே போய்விடும்.

இனி சீலர். கல்லுக்குள் ஊறுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், மேலே வார்னிஷ் போலப் படிகிற வகை சமையல் மேடைக்கு ஆகாது, உரிந்துவிடும். மேடையைக் கழுவி, குறைந்தது ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்து கேஸ் ரெகுலேட்டரையும் மூடிவிட்டு ஆரம்பியுங்கள், ஏனென்றால் சில சீலர்கள் தீப்பிடிக்கக்கூடிய கரைப்பானில் வருகின்றன. பழைய பருத்தித் துணியால் ஒரே சீராகத் தடவி, டப்பாவில் போட்டிருக்கிற நேரம் மட்டும் ஊற விடுங்கள், பெரும்பாலும் அது ஐந்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இருக்கும். மேலே மிஞ்சியது காய்வதற்குள் வேறொரு உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்து எடுத்தாக வேண்டும், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கொஞ்சம் நன்றாகவே பிடிக்கட்டும் என்று அப்படியே விட்டால் பிசுபிசுப்பாகத் திட்டுத் திட்டாக நிற்கும். சாயங்காலம் அடித்தால் மறுநாள் சாயங்காலம் வரை மேடையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் அடிக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து தண்ணீர் சோதனையைச் செய்யுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும், கல் கறுத்தால் மட்டும் அடியுங்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய வீடு, கடப்பா கல் மேடை. எலுமிச்சம்பழம் பிழிகிற இடத்திலும் புளி கரைத்த பாத்திரம் வைத்த இடத்திலும் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழுந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் மறைகிறது, இரண்டு நாளில் திரும்ப வந்துவிடுகிறது. சீலர் அடித்தால் சரியாகுமா?
(வாசகர், சேலம்)

பதில்: ஆகாது. உங்களுக்கு வந்திருப்பது கறை இல்லை ஐயா, புண். கடப்பா என்பது சுண்ணாம்புக்கல் இனம், கறுப்பாக இருப்பதால் நாம் கிரானைட்டோடு சேர்த்துப் பேசுகிறோம், அவ்வளவுதான். எலுமிச்சை, புளி, வினிகர், புளித்த மோர், தக்காளி என்று புளிப்பு எது பட்டாலும் மேல் பாலிஷைத் தின்றுவிடும். சீலர் செய்வது ஒரே வேலை, எண்ணெயும் தண்ணீரும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்துவது. புளிப்பு மேலே தின்பதை அது தடுக்காது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சரி.

எங்கள் அம்மா வீட்டிலும் கடப்பா மேடைதான். மினுமினுக்கட்டும் என்று நானே எலுமிச்சைத் தோலை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு மேடையையும் தேய்த்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் சாம்பல் பூத்தது போல இருந்தது, அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்றைக்கும் மனது கேட்பதில்லை. பாலிஷ் போடுபவரை அழைத்து மெஷினில் திரும்பத் தேய்த்த பிறகுதான் பழைய முகம் வந்தது. உங்களுக்கும் அதுதான் வழி. தேங்காய் எண்ணெயில் தூசியும் பிசுக்கும் ஒட்டும், வாடையும் வரும், அதை விட்டுவிடுங்கள். பாலிஷ் போட்ட பிறகு எலுமிச்சை நறுக்குவதற்கு ஒரு பலகை, புளிப் பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டு, சிந்தினால் உடனே ஈரத்துணி. கல் வாங்கும்போது சந்தேகம் வந்தால் ஒரு துண்டுக் கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். மங்கினால் அது சுண்ணாம்பு இனம்.

கேள்வி: மகன் வெள்ளை மார்பிள் மேடைதான் வேண்டும் என்கிறான். நல்ல சீலராக அடித்தால் தாங்கும்தானே?
(வாசகி, திருச்சி)

பதில்: மக்ரானா மார்பிளே ஆனாலும் அதுவும் சுண்ணாம்பு இனம்தான் அம்மா, மேலே சேலம் வாசகருக்குச் சொன்னது அத்தனையும் பொருந்தும். தினமும் புளிக்குழம்பும் ரசமும் வைக்கிற வீட்டில் மார்பிள் மேடை வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பையனுக்கு ஆசை என்றால் பூஜை அறையில் போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: போர் தண்ணீர். சிங்க் குழாயைச் சுற்றி கிரானைட்டில் வெள்ளையாக உப்பு கெட்டிப்பட்டுவிட்டது. பாத்ரூம் ஆசிட் போடலாமா?
(வாசகி, சென்னை)

பதில்: வேண்டவே வேண்டாம். ஸ்டீல் சிங்கும் குழாயின் முலாமும் கெடும், புகை நெஞ்சை அடைக்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் கிளம்புவது விஷ வாயு. கெட்டிப்பட்ட உப்பை ஈரமாக்கி, புது பிளேடைக் கல்லோடு படுக்க வைத்து மெதுவாகச் சுரண்டுங்கள், பாலிஷ் போட்ட கிரானைட் பிளேடைவிடக் கெட்டி, கீறாது (கடப்பாவிலும் மார்பிளிலும் இது கூடாது). அப்புறம் ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்ததும் குழாயடியை ஒரு உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் போதும். தண்ணீர் நின்று காய்வதால்தான் உப்பு படிகிறது.

கேள்வி: இரும்பு தோசைக்கல்லை ஈரத்தோடு மேடையில் வைத்துவிட்டேன். வெளிர் கிரானைட்டில் துரு வட்டம். சூடான குக்கரை நேரே வைத்தால் சீலர் போய்விடுமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: துருவை சோப்பு எடுக்காது. கிரானைட் என்றால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த துரு நீக்கியைக் கையுறை போட்டுக்கொண்டு, முதலில் ஓரமாக ஒரு மூலையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது, வேலை முடிந்ததும் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். குக்கர் சூட்டுக்கு கிரானைட் தாங்கும்தான். ஆனால் அடுப்புக்கும் சிங்குக்கும் வெட்டிய ஓட்டையின் ஓரத்தில் கல் மெலிந்த பட்டையாக இருக்கும், அங்கே சூடோ கனமோ விழுந்தால் விரிசல் விடக்கூடும். பாட்டி காலத்துப் பிரிமனை (பாத்திரத்துக்கு அடியில் வைக்கிற வளையம்) ஒன்று வாங்கி வையுங்கள்.

கேள்வி: அம்மிக்கும் சீலர் அடிக்கலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கூடாது. அம்மியில் அரைப்பது நேரே வாய்க்குப் போகிறது, அதன் சொரசொரப்பும் கெடும். புது அம்மி என்றால் ஊறிய அரிசியோடு கல்லுப்பு வைத்து, அரைத்த மாவில் கல் துகள் நெருடாத வரை அரைத்து அரைத்துக் கொட்டுங்கள். பழைய அம்மி வழுவழுப்பாகிவிட்டதென்றால் கொத்துகிறவர் தெருவில் வரும்போது நிறுத்திக் கொத்தச் சொல்லுங்கள்.