கள் தெரிந்த நாக்குக்கு ஒயின் தெரியாதா?

கேள்வி: என் மகள் வெளிநாட்டிலிருந்து நான்கு போத்தல் ஒயின் கொண்டுவந்திருக்கிறாள். கிரீஸின் சந்தோரினித் தீவு வெள்ளை ஒன்று. சிலியின் கார்மெனேர், ஜார்ஜியாவின் சப்பெராவி, உருகுவேயின் தன்னாட் என்று சிவப்பு மூன்று. நண்பர்கள் ஆறு பேர் சனிக்கிழமை ருசித்து ஒப்பிடலாம் என்றிருக்கிறோம். "தோட்டத்துக் கள்ளுக்கடை நாக்குக்கு இதெல்லாம் பிடிபடாது" என்கிறார் ஒருவர். எப்படித் தொடங்குவது?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அந்த நண்பரைத்தான் முதலில் உட்கார வைக்க வேண்டும். காலைக் கள்ளையும் மாலைக் கள்ளையும் ஒரு மிடறில் பிரித்துச் சொல்லும் நாக்கு அவருடையது. பாக்கு மென்றால் ஈறு இறுகுகிறதே, அந்தத் துவர்ப்பு நம் அறுசுவையில் ஒன்று. தன்னாட்டின் அடையாளமே அதுதான். ஒயின் ருசிக்க வேறு மொழி கற்க வேண்டியதில்லை ஐயா.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறச் சொல்வார்கள். அது குளிர்நாட்டு அறை. 16 முதல் 18 டிகிரி. நம் வீட்டுச் சூட்டில் சாராய நெடி மட்டுமே மூக்கில் ஏறும். சிவப்பை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெள்ளையை நன்றாகக் குளிரவிட்டு, பத்து நிமிடம் முன்னதாக வெளியே எடுங்கள்.

போத்தல்களுக்குச் செய்தித்தாள் சுற்றி எண் போட்டு, மகளையே ஊற்றச் சொல்லுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் நாக்கு பொய் சொல்லும். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 50 மில்லி போதும். வெள்ளை முதலில், தன்னாட் கடைசியில். சிவப்புகளை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பாருங்கள். தனியாகக் குடித்தால் எல்லாமே "நன்றாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். துப்ப ஒரு குவளை வேண்டும். வண்டி ஓட்டுகிறவருக்கு அன்று மூக்கு மட்டும்தான்.

கொறிக்க வெறும் ரொட்டியும் தண்ணீரும். என் முதல் ருசிபார்ப்பில் நெத்திலி சம்பலை நடுவில் வைத்துக் கெடுத்தேன். காரத்தோடு சேர்ந்ததும் சிவப்பெல்லாம் தொண்டையில் தீயாக இறங்கியது. எது எந்த நாடு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆட்டுக்கறியைக் காரம் குறைத்துச் சமைத்துக் கடைசியில் கொண்டுவாருங்கள். கொழுப்பு பட்டதும் தன்னாட்டின் துவர்ப்பு தளர்வது உடனே தெரியும்.

நான்கில் எனக்குப் பிடித்த கதை கார்மெனேருடையது. அந்தத் திராட்சை பிறந்த இடம் பிரான்சின் போர்தோ. 19ஆம் நூற்றாண்டில் பிலாக்ஸெரா என்ற பூச்சி அங்குள்ள திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதற்கு முன்பே சிலிக்குப் போயிருந்த கொடிகள் பிழைத்தன, ஆனால் மெர்லோ என்ற வேறொரு திராட்சையின் பெயரில். உண்மைப் பெயர் 1994இல்தான் வெளிப்பட்டது. 1877இல் கோலகங்சாருக்கு வந்து வேர்பிடித்த நம் பால்மரமும் (ரப்பர்) இப்படித்தானே? பிறந்த பிரேசிலில் இலைநோய் அதைத் தோட்டமாக வளரவிடவில்லை. கார்மெனேரை முகர்ந்தால் பச்சைக் குடைமிளகாயைக் கிள்ளிய வாசனை வரும். செய்தித்தாளைப் பிரிக்காமலே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

சப்பெராவி என்றால் சாயம் என்று பொருள். பெரும்பாலான கறுப்புத் திராட்சைக்குத் தோலில்தான் நிறம். இதற்குச் சதையும் சிவப்பு. மேசையில் நல்ல துணி விரிக்காதீர்கள். லேபிளில் க்வெவ்ரி என்றிருந்தால், மண்ணில் புதைத்த தாழியில் நொதித்தது என்று அறிக. சந்தோரினியில் காற்றுக்குப் பயந்து கொடியைக் கூடைபோலச் சுருட்டித் தரையோடு வளர்க்கிறார்கள். அந்த வெள்ளையில் எலுமிச்சைப் புளிப்பு நாக்கின் ஓரத்தை வெட்டும்.

ஆறு பேரும் வாயில் வந்த சொல்லை அப்படியே துண்டுச்சீட்டில் எழுதட்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. மிச்சத்தைக் கார்க்கால் அடைத்துக் குளிரில் வையுங்கள். ஞாயிறு மாலை தன்னாட்டில் இன்னொரு வாய் பாருங்கள். காற்றுப் பட்டு மென்மையாகியிருக்கும். கள்ளுக்கடை நண்பரின் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.